ஆட்டைப் பறிகொடுத்தவர் எங்கே?

கன்வென்ஷன் பந்தலில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். திருட்டு வழக்கில் ஒருவன் நீதிபதி முன் நிற்கிறான். நீதிபதியோ அவனுடைய பள்ளித் தோழர். சட்டம் சட்டம்தான் என்று அபராதம் விதிக்கிறார். அவனிடம் காசில்லை. நீதிபதி அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு இறங்கி வந்து, தன் பையிலிருந்து அபராதத்தைக் கட்டுகிறார். அவன் விடுதலையாகி வீட்டுக்குப் போகிறான். இதுதான் சிலுவை, இதுதான் கடவுளோடு ஒப்புரவாகுதல் என்று பிரசங்கியார் முடிப்பார். கூட்டம் அழும். சிறுவயதில் நானும் அழுதிருக்கிறேன்.

பல வருடம் கழித்துத்தான் அந்தக் கதையில் ஓர் ஆள் குறைவது எனக்கு உறைத்தது. திருட்டு நடந்ததென்றால் யாரோ ஒருவர் எதையோ இழந்திருக்க வேண்டும். ஆடு என்றே வைத்துக்கொள்வோம். ஆட்டைப் பறிகொடுத்தவர் எங்கே? அபராதம் கருவூலத்துக்குப் போய்விட்டது. ஆடு திரும்பவில்லை. திருடியவன் அவர் வீடு இருக்கும் திசையில் தலைவைத்தும் படுக்கவில்லை. நீதிபதிக்கும் குற்றவாளிக்கும் இடையே கணக்கு நேராகிவிட்டது. இழந்தவர் வாசலுக்கு வெளியே நிற்கிறார்.

இது கதை சொன்னவரின் மறதி என்றால் விட்டுவிடலாம். ஆனால் ஒப்புரவு பற்றி நம் சபைகளில் ஊறிப்போன கருத்தே அவரை வெளியே நிறுத்துகிறது. மனிதன் பாவம் செய்தான்; பிதா கோபம் கொண்டார்; இரத்தம் இல்லாமல் அந்தக் கோபம் ஆறாது; குமாரன் குறுக்கே வந்து அடியைத் தம்மேல் வாங்கிக்கொண்டார்; பிதாவின் மனம் இளகியது; நம்புகிறவனுக்கு மேலே கணக்குத் தீர்ந்தது. இப்படித்தான் ஞாயிறு பள்ளியிலிருந்து நமக்குச் சொல்லித் தருகிறார்கள். இது மேடைப் பேச்சின் மிகை மட்டும் அல்ல. 1530இல் லூத்தரன் சபையார் பேரரசர் முன் வைத்த ஆக்ஸ்பர்க் அறிக்கையின் மூன்றாம் பிரிவு, பிதாவை நம்மோடு ஒப்புரவாக்கவே கிறிஸ்து பாடுபட்டார் என்கிறது. ஆங்கிலிக்கன் சபையின் 39 விதிகளில் இரண்டாவதும் அதையே சொல்கிறது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனெரிகள் முன்னதோடு வந்தார்கள். பின்னால் வந்த ஆங்கிலேய மிஷனெரிகள் பின்னதோடு வந்தார்கள். நாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் செய்த நன்மைகளை மறக்கிறவன் அல்ல நான். ஆனால் இந்த ஒரு வாக்கியத்தில் அவர்கள் பவுலைத் தலைகீழாக்கிவிட்டார்கள்.

பவுல் பயன்படுத்தும் கிரேக்க வினை கட்டலாஸ்ஸோ. மாற்றுவது என்பது அதன் அடிப்பொருள். காசை மாற்றுவது, பிறகு பகையை நட்பாக மாற்றுவது. வீட்டுப் பேச்சுக்கும் அது பொருந்தும்: கணவனை விட்டுப் பிரிந்து போன மனைவி அவனோடு ஒப்புரவாகட்டும் என்று கொரிந்தியருக்கு எழுதும்போது பவுல் இதே சொல்லைத்தான் போடுகிறார். சிலுவையைப் பற்றி அந்தச் சொல் வரும் இடங்கள் கொஞ்சம்தான். ரோமர் 5, இரண்டு கொரிந்தியர் 5, சற்றே நீண்ட வடிவில் கொலோசெயர் 1, எபேசியர் 2. ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒப்புரவாக்குகிறவர் எப்போதும் கடவுள், அல்லது கடவுள் அனுப்பிய கிறிஸ்து. ஒப்புரவாக்கப்படுகிறவர்கள் எப்போதும் நாம். கடவுள் ஒப்புரவாக்கப்பட்டார் என்று ஒரே ஒரு வரிகூட இல்லை. பகைவர்கள் என்ற பெயரும் ரோமர் 5இல் நமக்குத்தான்.

வேறு மாதிரிச் சொல்லப் பவுலுக்குத் தெரியாதா? தெரிந்திருக்கும். கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள மக்கபேயர் இரண்டாம் நூலைப் புரட்டினால் அதே வினை திரும்பத் திரும்ப வருகிறது. அங்கே மனம் மாற வேண்டியவர் கடவுள். கோபம் கொண்ட ஆண்டவர் தம் ஊழியரோடு மறுபடியும் ஒப்புரவாவார் என்று, சித்திரவதைப்பட்டுச் சாகும் ஏழு சகோதரர்களில் கடைசித் தம்பி சொல்கிறான். கிரேக்கம் பேசிய யூதரிடையே அந்த வழக்கு இருந்தது. கையில் இருந்த அந்தச் சொல்லை எடுத்துப் பவுல் திசையைத் திருப்பிவிட்டார். மனம் மாற வேண்டிய தரப்பு மேலே இல்லை, கீழே இருக்கிறது என்றார். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு கழித்து ஆக்ஸ்பர்க்கில் அதை மறுபடியும் பழைய திசைக்கே திருப்பினார்கள்.

உடனே வரும் கேள்வி எனக்குத் தெரியும். அப்படியானால் தேவகோபம் பொய்யா? பொய் இல்லை. ரோமர் நிருபம் அதிலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் அந்த முதல் அதிகாரத்தில் கோபம் எப்படி வேலை செய்கிறது என்று படியுங்கள். இடி விழவில்லை, நெருப்பு இறங்கவில்லை. அவர்கள் விரும்பியதற்கே அவர்களை விட்டுவிட்டார் என்று மூன்று முறை வருகிறது. பேராசைக்காரனைப் பேராசையின் கையிலும், பகைவனைப் பகையின் கையிலும் விட்டுவிடுவதைவிடக் கடுமையான தண்டனை எது? இந்தக் கோபத்தைப் பலி கொடுத்து ஆற்ற முடியாது. கோபத்துக்குள்ளான மனிதன் திரும்ப வேண்டும். நாம் பாவிகளாயிருக்கையிலேயே கடவுள் அன்பு காட்டினார் என்று ஐந்தாம் அதிகாரம் சொல்வதைக் கவனியுங்கள். அன்பு சிலுவைக்கு முந்தியது. சிலுவையால் வாங்கப்பட்ட அன்பு என்று ஒன்று வேதாகமத்தில் இல்லை.

இரத்தம் என்பதும் அப்படித்தான். லேவியராகமம் 17இல் பலி இரத்தத்தைப் பற்றிப் பேசும்போது, அதை உங்களுக்குக் கொடுத்தவர் நானே என்கிறார் கடவுள். கொடுப்பவர் அவர், பெறுபவர்கள் நாம். கோபக்காரனுக்குக் கப்பம் கட்டுவது என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பது அங்கே கடவுள் கொடுக்கும் வரமாக இருக்கிறது. இன்னொன்றும் அதே புத்தகத்தில் உண்டு. ஆட்டுக்கோ புறாவுக்கோ வழியில்லாத ஏழை, பாவ நிவாரணத்துக்கு ஒரு எப்பா அளவில் பத்திலொரு பங்கு மாவு கொண்டுவந்தால் போதும். மாவில் ஏது இரத்தம்? எபிரெயர் நிருபத்தை எழுதியவருக்கும் இது தெரியும். அதனால்தான் ஏறக்குறைய எல்லாமே இரத்தத்தால் சுத்திகரிக்கப்படும் என்று ஒரு ஏறக்குறைய சேர்த்துக்கொள்கிறார். நம் பிரசங்கியார்கள் அந்த ஒரு சொல்லைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இறையியலாளர் ஆன்செல்மின் பெயரையும் இழுத்து இந்தக் கருத்துக்கு வலுச் சேர்ப்பார்கள். 1098இல் அவர் முடித்த நூல் கடவுள் ஏன் மனிதரானார் என்று கேட்பது. அவருடைய விடை பிரபுவுக்கும் குடியானவனுக்கும் இடையிலான மானக் கணக்கின் சாயல் கொண்டது என்பது உண்மை. ஆனால் அவர்கூடப் பிதா குமாரனைத் தண்டித்தார் என்று சொல்லவில்லை. ஈடு செய்வது ஒன்று, தண்டனை மற்றொன்று, இரண்டில் ஏதாவது ஒன்று என்பதே அவர் வாதம். கிறிஸ்து செய்தது ஈடு, ஆகவே தண்டனைக்கு இடமில்லை. நாம் இன்று கேட்பது ஆன்செல்மைவிடக் கொடூரமான ஒரு கதை.

இவ்வளவு நேரம் வேதபாட வகுப்பு எடுத்ததற்குக் காரணம் உண்டு. ஒப்புரவில் மாற வேண்டியவர் கடவுள்தான் என்று வைத்துக்கொண்டால், முழு விவகாரமும் நம் தலைக்கு மேலே நடந்து முடிந்துவிடுகிறது. கோபம் கொண்டவர் அங்கே, ஆற்றியவர் அங்கே, ரசீது நம் கையில். இங்கே எதுவும் அசைய வேண்டியதில்லை. வயல் யார் பெயரில் இருந்ததோ அவர் பெயரிலேயே இருக்கும். கல்லறைத் தோட்டத்தில் சாதி பிரிக்கும் நடுச்சுவர் நிற்கும். அப்படி நின்றும் இருக்கிறது.

வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயத்தை நினைத்துப் பாருங்கள். பீடம் ஒன்று, அதை நோக்கி வரும் கூடங்கள் இரண்டு, நடுவே சுவர். ஒரு பக்கம் வேளாளர் முதலான சாதியார், மறு பக்கம் நாடார். ஒரே அப்பத்தை இரண்டு பக்கமிருந்து வாங்கினார்கள். 1910இல் அந்தச் சுவரை இடித்தபோது, சுவர் எங்கள் உரிமை என்று வேளாளர் தரப்பார் நீதிமன்றத்துக்குப் போனார்கள், தோற்றார்கள். சீர்திருத்த சபைகள் மட்டும் யோக்கியமா? 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது, உடனே விட வேண்டும் என்று கடிதம் அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சாதியை விடாமல் சபையை விட்டவர்கள் பலர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும் புலவரே அந்தப் பக்கம் நின்று எழுதினார். பழங்கதை என்று தள்ளவும் வழியில்லை. 2008 மார்ச்சில் எறையூரில் சாதிக் கிறிஸ்தவர்களுக்கும் தலித் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மூண்ட கலவரம் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து 2 பேர் இறந்தார்கள். ஈஸ்டருக்கு இரண்டு வாரம் இருந்தது.

இவர்களில் யாருக்கும் கடவுளோடு ஒப்புரவான நிச்சயம் குறைவாக இருந்ததாக நான் நம்பவில்லை. ஜெபம் இருந்தது, உபவாசம் இருந்தது, சிலுவைப் பாதையில் கண்ணீரும் இருந்தது. அதுதான் என்னை உறுத்துகிறது. அவர்கள் உபதேசத்துக்கு விரோதமாக நடந்ததாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. கேட்டு வளர்ந்த உபதேசத்தில் சுவருக்கு எதிராக ஒரு சொல்லும் இல்லை.

பவுலிடம் இருக்கிறது. தேவனோடே ஒப்புரவாகச் சொல்லும் அந்தப் புகழ்பெற்ற வேண்டுகோளை நாம் எப்போதும் வெளியாருக்கு விடும் அழைப்பாகப் பயன்படுத்துகிறோம். சுவரொட்டியில் போடுகிறோம். ஆனால் அந்தக் கடிதம் போனது கொரிந்து சபைக்கு. ஞானஸ்நானம் பெற்று, திருவிருந்தில் உட்கார்ந்துகொண்டிருந்தவர்களுக்கு. அவர்களுக்கும் பவுலுக்கும் மனத்தாங்கல். அவரைச் சந்தேகித்தார்கள், அவமானப்படுத்தினார்கள். ஒப்புரவாகுங்கள் என்று கெஞ்சியவர் சில வரிகள் தாண்டியதும், என் இருதயம் திறந்திருக்கிறது, உங்களுடையதுதான் நெருக்கமாயிருக்கிறது, எங்களுக்கு இடம் கொடுங்கள் என்று மன்றாடுகிறார். அதிகாரப் பிரிவு எண்களைப் பிற்காலத்தில் போட்டவர்கள் நடுவில் கோடு கிழித்துவிட்டதால் நமக்கு அது வேறு பேச்சாகத் தெரிகிறது. பவுலுக்கு அது ஒரே பேச்சு. தன்னை ஒதுக்கி வைத்துக்கொண்டே கடவுளோடு நன்றாயிருப்பதாக அவர்கள் நினைத்ததைத்தான் அவர் உடைக்கிறார்.

எபேசியர் நிருபம் இன்னும் வெளிப்படை. யூதரையும் மற்ற இனத்தாரையும் பிரித்த நடுச்சுவரை அது பேசுகிறது. அது வெறும் உருவகம் அல்ல. எருசலேம் தேவாலயத்து முற்றத்தில் உண்மையிலேயே ஒரு தடுப்பு இருந்தது. இதைத் தாண்டும் வேற்றினத்தான் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்று எச்சரிக்கும் கிரேக்கக் கல்வெட்டு 1871இல் கிடைத்தது. இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தச் சுவரைக் கிறிஸ்து இடித்தார், இரு தரப்பாரையும் ஒரே சரீரமாகக் கடவுளோடு ஒப்புரவாக்கினார் என்கிறது நிருபம். ஒரே சரீரமாக என்பதில் நிதானியுங்கள். முதலில் தனித்தனியே கடவுளோடு ஒப்புரவு, அப்புறம் சௌகரியப்பட்டால் ஒருவரோடொருவர் என்ற வரிசை அங்கே இல்லை. கடவுளோடு கிடைக்கும் ஒப்புரவு அந்தச் சேர்ந்த உடலுக்குத்தான் கிடைக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் மட்டும் அது வராது.

ஆதி சபை இதைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தது. அப்போஸ்தலர் காலத்தை ஒட்டி எழுந்த டிடாக்கே என்னும் சிறு கையேட்டின் ஏட்டுப் பிரதி 1873இல் கான்ஸ்டான்டிநோபிளில் கண்டெடுக்கப்பட்டது. அயலானோடு பிணக்குள்ளவன் அதைத் தீர்க்கும்வரை பந்தியில் சேரக் கூடாது, சேர்ந்தால் பலி தீட்டாகும் என்று அது விதிக்கிறது. யூத ரபிமாரின் மிஷ்னாவும் அதே வழி: மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலான பிழைகளுக்குப் பிராயச்சித்த நாள் போதும், மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலானதற்கு, பாதிக்கப்பட்டவனைச் சமாதானப்படுத்தாதவரை அந்த நாளும் உதவாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் திருச்சபை பற்றிய ஆவணத்தில், பாவசங்கீர்த்தனம் செய்கிறவர் கடவுளின் மன்னிப்பைப் பெறும்போதே திருச்சபையோடும் ஒப்புரவாகிறார் என்று நினைவூட்டியது. தென்னிந்தியத் திருச்சபை 1950இல் தன் திருவிருந்து முறைமையை அமைத்தபோது, சிரியன் சபை வழக்கத்திலிருந்து சமாதானம் வழங்குவதைக் கொண்டுவந்தது. பீடத்திலிருந்து புறப்படும் சமாதானம் கையோடு கை சேர்ந்து வரிசை வரிசையாகக் கடைசிவரை போக வேண்டும்.

நான் வளர்ந்த சபையில் அது கடைசிவரை போகாது. பின்பக்கம் நான்கு வரிசை தள்ளி இருந்த பாய்களில் யார் உட்காருவார்கள் என்று ஊருக்கே தெரியும். பெஞ்சு முடியும் இடத்தில் அந்தக் கை நின்றுவிடும். நின்ற இடத்துக்கு அப்பால் ஒரு பாட்டி கையை ஏந்தியபடி கொஞ்ச நேரம் இருந்துவிட்டுச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொள்வார். அதன் பிறகு அப்பம் பிட்கப்படும், கிறிஸ்துவின் இரத்தத்தால் நம் கணக்குத் தீர்ந்தது என்று அறிவிக்கப்படும். எனக்கு அப்போது 12 வயது இருக்கும். அந்தக் கை போன வழியை இன்னும் மறக்க முடியவில்லை.

தமிழில் நமக்குக் கிடைத்த சொல்லே நம்மைக் குற்றஞ்சாட்டுகிறது. வேதாகமத்தைத் தமிழாக்கியவர்கள் சமாதானம், உடன்பாடு என்று எதையாவது போட்டிருக்கலாம். ஒப்புரவு என்றார்கள். வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கே வைத்த பெயர் அது. குறளில் 22ஆம் அதிகாரம். ஊருக்கு நடுவே நிறைந்த நீர்நிலையும், பழுத்த மரமும், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரமும் அங்கே உவமைகள். உலகத்தோடு ஒத்து வாழ அறியாதவன் செத்தவரோடு எண்ணப்படுவான் என்பது அங்கே வரும் தீர்ப்பு. தனிமனிதன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு செய்யும் காரியத்துக்கு அந்தச் சொல் தமிழில் ஒருபோதும் வழங்கியதில்லை. ஊர் இல்லாமல் ஒப்புரவு இல்லை. அந்தச் சொல்லை வேதாகமத்தில் வைத்துக்கொண்டு அதிலிருந்து ஊரை உருவி எறிந்தது நாம்.

இது கிரியையினால் இரட்சிப்பு அல்லவா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஒப்புரவு கொடை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை யாரும் சம்பாதிக்க முடியாது. ஆனால் இயேசு சொன்ன உவமையில், பதினாயிரம் தாலந்து கடன் இலவசமாகத் தள்ளப்பட்ட வேலைக்காரன் 100 தெனாரியத்துக்காக உடன் வேலைக்காரனின் கழுத்தைப் பிடித்தபோது, தள்ளிய கடன் திரும்பவும் அவன் தலையில் ஏறியது. எஜமான் கஞ்சனாகிவிட்டதால் அல்ல. கொடையை வாங்கிய கையும் கழுத்தை நெரித்த கையும் ஒன்றாக இருக்க முடியாது என்பதால்.

இங்கே நான் பயப்படுவது வேறொன்றுக்கு. ஒப்புரவில் அயலானையும் சேர்க்க வேண்டும் என்று சொன்னவுடன், நம் தலைவர்கள் ஆட்டைப் பறிகொடுத்தவரிடம் போய் நிற்பார்கள். மன்னித்துவிடு, மனதில் வைக்காதே, ஆண்டவருக்காக விட்டுக்கொடு என்பார்கள். கல்லறைச் சுவரைப் பற்றிப் புகார் சொன்னவரையே சபையின் ஒற்றுமையைக் கெடுப்பவர் என்பார்கள். அடிபட்ட மனைவியிடம் கணவனோடு ஒப்புரவாகச் சொல்வார்கள். பழைய பிழையைவிட இது பெரிய பிழை. மலைப்பிரசங்கத்தைத் திறந்து பாருங்கள். காணிக்கையைப் பீடத்தண்டை விட்டுவிட்டுப் போகச் சொல்வது யாரை? உன்மேல் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று உனக்கே நினைவு வந்தால் என்கிறார். குறை அவனுக்கு, நினைவு எனக்கு, நடக்க வேண்டியது நான். தவறு செய்தவன் கால்தான் அங்கே வாசலைத் தாண்டுகிறது. தவறிழைக்கப்பட்டவர் எழுந்து வரவேண்டும் என்று ஒரு சொல் இல்லை.

வெறுங்கையோடு போகவும் அனுமதியில்லை. பிறனை ஏமாற்றிப் பொருளை எடுத்தவன், எடுத்ததை முழுதாகத் திருப்பி, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்துவிட்டுத்தான் பலியோடு ஆசாரியனிடம் வரவேண்டும் என்கிறது லேவியராகமம் 6. சகேயு அதையும் மிஞ்சி நான்கு மடங்கு என்றான். அவன் தொகையைச் சொன்ன பிறகுதான் இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார் இயேசு. அவன் கண்ணீர் விட்டதாக லூக்கா எழுதவில்லை.

ஆகவே அடுத்த கன்வென்ஷனில் அந்தக் கதையைச் சொல்கிறவர் அங்கே நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அபராதம் கட்டிய நீதிபதி, விடுதலையானவனின் தோளில் கைபோட்டு நேரே அவன் வீட்டுக்கு அழைத்துப் போகவில்லை. ஊர்க்கோடித் தெருவுக்குக் கூட்டிப்போகிறார். அவன் கையில் ஆட்டுக் கயிறு இருக்கிறது. கூடவே ஐந்தில் ஒரு பங்கு, காசாக. வாசலில் நின்று கூப்பிடுகிறான். உள்ளே இருப்பவர் கதவைத் திறக்கலாம். இன்றைக்கு வேண்டாம், போ என்றும் சொல்லலாம். ஆட்டை வாசலில் கட்டிவிட்டு, நாளைக்கும் அவன் அந்தத் தெருவுக்கு வரவேண்டியதுதான்.